புதுப்பிப்பு: மொறிஸ் மைனர் பெற்றோல் முள் இப்ப சரியா காட்டுது

முதல் பதிவுல சொன்னனே, மூத்தப்பாட 1958 மொறிஸ் மைனர்ல டாங்கி காஞ்சு கிடந்தாலும் முள்ளு நிறைய எண்டுதான் காட்டுது எண்டு, அது சரியாகிட்டு. மட்டக்களப்பு கல்லடில கார் வயரிங் வேலை செய்யிற ஒரு பாஸ் சொன்ன மாதிரி டாங்கில இருக்கிற செண்டர்ட (sender, பெற்றோல் அளவ மீற்றருக்கு அனுப்புற சாமான்) வயர கழட்டி கார் பொடில தொட்டு பாத்தன், முள்ளு நேரா கீழ விழுந்திச்சு, அப்ப மீற்றர் நல்லம், பிழை செண்டர் பக்கந்தான். கழட்டி பாத்தா ஏர்த் வார இடம் முழுக்க துரு, வாவிக் காத்துக்கு எது தப்பும். சுரண்டி துப்பரவாக்கி தனியா ஒரு ஏர்த் வயரும் குடுத்தன். செண்டர்ல இருக்கிற மிதவைய குலுக்கி பாருங்க, உள்ளுக்க பெற்றோல் போயிருந்தா பாரத்துல தாண்டு குறைச்சுத்தான் காட்டும்.

மறுகா காரை சமதரையில விட்டு, வெறும் டாங்கிக்கு 5 லீற்றர் 5 லீற்றரா ஊத்தி, செண்டர் ஓட்டைக்குள்ளால காஞ்ச மூங்கில் குச்சி விட்டு ஈரம் நிண்ட இடத்துல கோடு போட்டன். ஒவ்வொருக்காவும் செண்டர பூட்டி இறுக்கின பிறகுதான் சாவி திருப்பி முள்ள பாத்தது, பெற்றோல் ஆவி விளையாட்டில்ல. மொத்தம் ஆறரை கலன், 30 லீற்றருக்கு கொஞ்சம் குறைவு. பாதி எண்டு முள்ளு காட்டுறது உண்மையான பாதி இல்ல, அதால லீற்றர் கணக்க எழுதி டாஷ்போர்ட்ல ஒட்டிட்டன்.

1964க்கு பிறகு வந்த வண்டி வெச்சிருக்கிறாக்கள் கவனம், அதுல மீற்றர் வேற வகை, வயர ஏர்த் பண்ணினா முள்ளு மேல போகும், கனநேரம் பிடிச்சுக்கிட்டு நிக்காதீங்க.