மெடிக்கல் கோடிங் வேலையிலிருந்து கல்லூரி ஆசிரியப் பணிக்கு: சிபிசி, சிசிஎஸ் போதுமா? (பெங்களூரு)

மைக்ரோ_கோடர், எலக்ட்ரானிக் சிட்டி:
வணக்கம். பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி, சிபிசி (மெடிக்கல் கோடிங் சான்றிதழ்) தேர்ச்சி. அமெரிக்க மருத்துவமனைகளுக்கு ஈடி (அவசர சிகிச்சைப் பிரிவு) கோடிங், அதாவது நோய்க்கும் சிகிச்சைக்கும் குறியீடு போடும் வேலை; இப்போது மற்றவர்கள் போட்டதைச் சரிபார்க்கும் ஆடிட் பக்கம். ஹெல்த் இன்ஃபர்மேஷன் மேனேஜ்மென்ட் (மருத்துவத் தகவல், பதிவேட்டு மேலாண்மை) துறையில் ஆசிரியராகப் போக விரும்புகிறேன். இன்னொரு கோடிங் சான்றிதழான சிசிஎஸ்ஸும் எழுதிவிட்டால் போதுமா, முதுகலை கட்டாயமா? வேலையை விடாமல் பிஎச்.டி. செய்ய முடியுமா?

எம்ஆர்டி_ஆசிரியர், ஜெயநகர்:
முதுகலை கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள் மேடம். சிபிசி, சிசிஎஸ் இரண்டும் தொழில் சான்றிதழ்கள். நேர்காணலில் மதிப்புண்டு, ஆனால் பட்டத்துக்கு ஈடாகாது. பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியர் ஆக யூஜிசி விதிப்படி முதுகலையில் 55 சதவீதமும், அதோடு நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது பிஎச்.டி.யும் வேண்டும். நெட்டில் நம் துறைக்கெனத் தனித் தாள் இல்லை என்பதால் பெரும்பாலோர் பிஎச்.டி. வழியாகத்தான் வருகிறார்கள்.

கர்நாடகத்துக்குள்ளேயே மணிப்பாலில் இத்துறைக்குத் தனிப் பிரிவும் எம்.எஸ்சி.யும் இருக்கின்றன. பி.எஸ்சி. மைக்ரோபயாலஜியை ஏற்பார்களா என்பதை அந்த ஆண்டின் சேர்க்கைக் குறிப்பில் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். எம்எச்ஏ (மருத்துவமனை நிர்வாக முதுகலை) முடித்தால் மருத்துவமனை நிர்வாகப் பதவிகள் கிடைக்கும். கோடிங், வகைப்பாடு கற்பிக்கும் இடத்துக்கு அது சுற்றுவழி.

பிஎச்.டி. 2022 விதிமுறைப்படி குறைந்தது 3 ஆண்டு, பொதுவாக 6 ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். பகுதிநேரமாகச் செய்யலாம், நிறுவனத்திடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். அஞ்சல் வழி பிஎச்.டி. தருகிறோம் என்று யாராவது சொன்னால் பணம் கட்டாதீர்கள், அது செல்லாது.

இன்னொன்று. 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் ஹெல்த் இன்ஃபர்மேஷன் மேனேஜ்மென்ட் இருக்கிறது. துணை மருத்துவத் தொழிலருக்கு அச்சட்டம் கேட்பது குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு. சில மாதக் கோடிங் வகுப்பு அந்தக் கணக்கில் வராது. கல்லூரிகள் ஆள் எடுக்கும்போது இதையும் பார்க்கத் தொடங்கும் என்பது என் கணிப்பு.

ஐசிடி_வகைப்பாடு:
பட்டம் பற்றி மேலே சொல்லிவிட்டார்கள். கோடிங் அறையிலிருந்து வருபவர்கள் வகுப்பில் தடுமாறும் இடம் வேறு. ஐசிடி என்பது நோய்களுக்குக் குறியீடு தரும் சர்வதேச வகைப்பாடு. நீங்கள் தினமும் பார்ப்பது ஐசிடி-10-சிஎம், அமெரிக்காவின் பில்லிங்குக்காக விரித்த பதிப்பு. நம் ஊர் எம்ஆர்டியில் (மருத்துவமனையின் மருத்துவப் பதிவேட்டுப் பிரிவு) மாணவர் கையாளப்போவது உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10. இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால்தான் குழப்பமே.

ஒரு சார்ட் (நோயாளியின் மருத்துவப் பதிவு) எடுத்துக்கொள்ளுங்கள். டைப் 2 சர்க்கரை நோய், காலில் கேங்ரீன் (திசு அழுகல்), அதனால் செப்சிஸ் (தொற்றால் உடல் முழுதும் பாதிக்கப்படும் நிலை). செப்சிஸ் முற்றி ரத்த அழுத்தம் வீழும் செப்டிக் ஷாக்கோடு அட்மிட் ஆகி இறக்கிறார். சிஎம்மில் அட்மிஷனின்போதே செப்சிஸ் இருந்ததால் ஏ41.9 (செப்சிஸ்) முதலில், பிறகு ஆர்65.21 (செப்டிக் ஷாக்), இ11.52 (கேங்ரீனோடு கூடிய டைப் 2 சர்க்கரை நோய்). இதே நோயாளிக்குப் படிவம் 4 (மருத்துவமனை தரும் மரணக் காரணச் சான்றிதழ்) நிரப்பினால் முதல் பகுதியின் மேல் வரியில் செப்டிக் ஷாக், அடுத்து கேங்ரீன், கடைசி வரியில் டைப் 2 சர்க்கரை நோய். அடிப்படை மரணக் காரணம் இ11.5. பில்லிங்கில் எது தலையில் நிற்கிறதோ அது இங்கே விளைவு மட்டுமே. இந்தத் தலைகீழ் மாற்றத்தை முதல் வாரத்திலேயே சொல்லித்தராவிட்டால் மாணவர்கள் பட்டியலில் முதலில் இருப்பதையே காரணமாக எடுத்துவிடுவார்கள்.

படிவத்தில் வரும் பெரிய சிக்கல், மேல் வரியில் "கார்டியாக் அரெஸ்ட்" என்று மட்டும் எழுதி மீதியை வெற்றாக விடுவது. அது இறப்பு நிகழ்ந்த விதம், நோய் அல்ல. கோடர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் அங்கே ஒன்றும் செய்ய முடியாது. டாக்டரிடம் திருப்பிக் கேட்கும் குறிப்பை எப்படி எழுதுவது என்பதும் பாடத்தில் வர வேண்டும்: கேஸ் ஷீட்டில் இருக்கும் சான்றைக் காட்டிக் கேட்க வேண்டும், விடையை நாமே எடுத்துக் கொடுக்கக் கூடாது.

ஐசிடி-11 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் நோயைக் குறிக்கும் ஸ்டெம் கோடோடு கூடுதல் விவரம் தரும் எக்ஸ்டென்ஷன் கோடைச் சேர்க்கும் கிளஸ்டர் முறையை இப்போதே பழகுங்கள். ஏபிடிஎம் (ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன்), ஸ்னோமெட் சிடி (மருத்துவச் சொற்களுக்கான குறியீட்டுத் தொகுதி) பற்றியும் ஒரு அடிப்படை வேண்டும்.

மைக்ரோ_கோடர்:
மிக்க நன்றி. பயிற்சிக்கு ஆபீஸில் பார்க்கும் சார்ட்டுகளின் பெயரை அழித்துவிட்டுப் பயன்படுத்தலாமா?

ஐசிடி_வகைப்பாடு:
கூடவே கூடாது. கிளையன்ட் ஒப்பந்தமே அதைத் தடுக்கும். மேலும் பெயரை அழிப்பது போதாது: அமெரிக்காவின் மருத்துவத் தகவல் பாதுகாப்புச் சட்டமான ஹிப்பாவின் சேஃப் ஹார்பர் முறையில் 18 வகை அடையாளங்களை நீக்க வேண்டும். அட்மிஷன், டிஸ்சார்ஜ் தேதிகளில் ஆண்டு மட்டும் மிஞ்சலாம், 89-க்கு மேற்பட்ட வயதும் போக வேண்டும். டாக்டர் எழுதிய பத்திக்கு நடுவே ஊர்ப் பெயரும் உறவினர் பெயரும் ஒளிந்திருக்கும், அங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். வகுப்புக்கு நீங்களே கற்பனையாக ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுவதே பாதுகாப்பு.

எம்ஆர்டி_ஆசிரியர், ஜெயநகர்:
ஆய்வுக்கு உண்மையான கேஸ் ஷீட் தேவைப்பட்டால், கல்லூரி மருத்துவமனையின் நெறிமுறைக் குழு அனுமதி கிடைத்த பிறகுதான் ஒரு ஃபைலையும் தொட வேண்டும். ஆடிட் அனுபவம் உங்களுக்கு இங்கே கைகொடுக்கும். ஒரே ஃபைலை இரண்டு கோடர்கள் ஒருவருக்கொருவர் பார்க்காமல் கோடு செய்து, கப்பா மதிப்பு (இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்ற அளவு) கணக்கிடுவது நல்ல முதல் ஆய்வு. மூன்று எழுத்து அளவிலும் நான்கு எழுத்து அளவிலும் தனித்தனியாகக் கணக்கிடுங்கள். முதலாவதில் ஒத்துப்போனவர்கள் இரண்டாவதில் பிரிவார்கள், டாக்டரின் குறிப்பில் என்ன விடுபட்டது என்பது அந்த இடைவெளியில் தெரியும்.

எம்ஆர்டி அனுபவமே இல்லாமல் வருவதாக இருந்தால், மத்திய சுகாதாரப் புலனாய்வுப் பிரிவு டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் நடத்தும் மருத்துவப் பதிவேட்டுப் பயிற்சிகளைப் பாருங்கள். வெளி விண்ணப்பதாரரை எடுக்கிறார்களா என்பதை அந்தந்த அறிவிப்பிலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.