வயதான லேப்ரடாருக்கு எந்த ஸ்டேஷன் வேகன்?

பின்சீட்டுக்காரன்:
வணக்கம். செடானை விற்றாயிற்று. அடுத்தது ஸ்டேஷன் வேகன்தான், அதாவது செடான் உயரத்திலேயே கூரை பின்வரை நீண்டு பெரிய டிக்கியோடு வரும் கார். சொகுசு வகையில் முதல் படியோடு நிறுத்திக்கொள்கிறேன். வால்வோ வி60, பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் டூரிங், மெர்சிடிஸ் சி-கிளாஸ் எஸ்டேட், இந்த மூன்றில் ஒன்று. வீட்டில் 12 வயது லேப்ரடார், 34 கிலோ. முன்புபோல் தாவி ஏற முடிவதில்லை. நான் வாசிக்கும் கீபோர்டு பெட்டியோடு 1.4 மீட்டர் நீளம். டிக்கி வால்வோவில் 529 லிட்டர், பிஎம்டபிள்யூவில் 500, மெர்சிடிஸில் 490. அப்போ வால்வோதானே? மனைவி மட்டும் எஸ்யூவி எடுத்தால் என்ன என்கிறாள்.

பழைய டீசல்:
தம்பி, லிட்டரை வைத்து முடிவெடுக்காதீர்கள். அது 20×10×5 செ.மீ. கட்டைகளை அடுக்கி எண்ணும் கணக்கு; ஒரு கட்டை ஒரு லிட்டர். சந்துபொந்தில் செருகிய கட்டையும் அதில் சேரும். அந்தச் சந்தில் நாய் படுக்குமா?

நாலு வருடமாக டூரிங் ஓட்டுகிறேன். டிக்கி விளிம்பு தரையிலிருந்து சுமார் 62 செ.மீ. நாய்க்கு அதுதான் முக்கியம். பின்சீட்டு 40:20:40 என்று மடங்கும். நடுப்பகுதியை மட்டும் சாய்த்து, இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே கீபோர்டை நுழைத்துவிடலாம். பின்கண்ணாடி தனியாகத் திறக்கும். பின்னால் ஒருவன் ஒட்டி நிறுத்திவிட்டுப் போனால்கூடப் பையை உள்ளே போட்டுவிடலாம். அதற்காகவே இதை வாங்கினேன் என்றால் சிரிப்பீர்கள்.

எதை வாங்கினாலும் ஸ்டெப்னி இருக்கிறதா என்று கேளுங்கள். இந்த வகையில் பலவற்றில் சிறு ஓட்டையை மட்டும் அடைக்கும் பஞ்சர் கிட்தான். முன்பு வைத்திருந்த வேறொரு காரில் டயரின் பக்கவாட்டுக் கிழிந்து, அந்தக் கிட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடுராத்திரியில் நின்றிருக்கிறேன்.

முழங்கால்வலி:
எஸ்யூவி பக்கமும் ஒரு நியாயம் உண்டு. என் அம்மா தாழ்ந்த சீட்டில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும். வி60-இலேயே கொஞ்சம் உயர்த்திய கிராஸ் கன்ட்ரி இருக்கிறது. ஆனால் மனிதருக்கு வசதியான உயரம் நாய்க்குத் தொல்லை. அப்புறம், பிளக்-இன் ஹைபிரிட் (எஞ்சினோடு, சார்ஜ் போடும் பேட்டரியும் உள்ளது) என்றால் பேட்டரி எங்கே போகிறது என்று பாருங்கள். சி-கிளாஸ் எஸ்டேட்டில் 490 லிட்டர் 360 ஆகிவிடும்.

பின்சீட்டுக்காரன்:
நன்றி அண்ணா. நேற்று நாயையும் ஒரு டேப்பையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். மூன்றிலும் முன்னங்காலை மட்டும் விளிம்பில் வைத்துவிட்டு, தூக்கிவிடு என்று என்னைத் திரும்பிப் பார்க்கிறாள். ஆக, சாய்வுப் பலகை இல்லாமல் நடக்காது. ஒன்றரை மீட்டர் பலகைக்கு 62 செ.மீ. விளிம்பு என்றால் சரிவு 24 டிகிரி. பக்கத்தில் நின்ற எஸ்யூவி 75 செ.மீ., அதற்கு 30. அவள் இடுப்புக்கு அந்த 6 டிகிரி பெரிது.

மனைவி டூரிங்கின் பின்கண்ணாடியை மூன்று முறை திறந்து மூடிப் பார்த்தாள். எஸ்யூவி பேச்சு அதற்கப்புறம் வரவில்லை. டீசலா பெட்ரோலா என்று இப்போது வீட்டில் சண்டை. அதற்குத் தனி இழை போடுகிறேன்.