மறு: எஞ்சின் சைஸுக்கு தமிழ்ச்சொல் – "எடைவீதத் திறன்"னு வச்சுக்கலாமா?

எல்லாருக்கும் வணக்கம்ங்க.

நம்ம மாடல் விமான அகராதிக்கு எஞ்சின் சைஸுங்கறதுக்கு தமிழ்ச்சொல் தேடற இந்த இழை ஆரம்பிச்சதுல இருந்து எஞ்சின் அளவு, எஞ்சின் பருமன், இயந்திர இடப்பெயர்ச்சின்னு மாத்தி மாத்தி சொல் வந்துட்டே இருக்கு, எல்லாத்தையும் படிச்சேன். எனக்கு என்ன படுதுன்னா நாம ரெண்டு தனித்தனி விஷயத்துக்கு ஒரே சொல்ல தேடிட்டு இருக்கோம். "என் குட்டி விமானத்துக்கு எந்த சைஸ் எஞ்சின் போடறதுங்க"ன்னு ஒரு பையன் கேட்டா அவனுக்கு தெரிய வேண்டியது, இது என் விமானத்த தூக்குமா தூக்காதா, அவ்ளோதான். எஞ்சினுக்குள்ள எவ்ளோ இடம் இருக்குங்கறது (சிசி, அதாவது கன சென்டிமீட்டர்) அதுக்கு அப்புறம் வர்ற கணக்கு.

நம்ம பக்கம் சிசின்னா தெரியாத ஆள் கிடையாது, ஓசூர்ல வண்டி செய்யற கம்பெனி வந்ததுல இருந்து தெருவுக்கு ஒருத்தராச்சும் அந்த லைன்ல இருக்காங்க. அதனாலயே ஒரு தப்பான நெனப்பும் ஊறிப்போச்சு, சிசி கூடுனா பவர் கூடும்னு. டிவிஎஸ் எக்ஸ்எல் 100 எடுத்துக்கங்க, 99.7 சிசி, குதிரைத்திறன் நாலு சொச்சம். மாடல் விமானத்துக்கு வர்ற ஓஎஸ் 46ஏஎக்ஸ் எஞ்சின் வெறும் 7.5 சிசி, ஆனா நிமிஷத்துக்கு 16,000 சுத்து சுத்தும்போது ஒன்றரை குதிரைத்திறனுக்கு மேல வரும்னு கம்பெனியே போட்டிருக்கான். பதிமூணுல ஒரு பங்கு சிசி, மூணுல ஒரு பங்குக்கு மேல பவர்! அதுவும் டூ ஸ்ட்ரோக்கா ஃபோர் ஸ்ட்ரோக்காங்கறத பொறுத்து மாறும், டூ ஸ்ட்ரோக்ல புள்ளி 40 போதும்ங்கற விமானத்துக்கு ஃபோர் ஸ்ட்ரோக்ல புள்ளி 52, 56னு போகணும். (இந்த புள்ளி 40, புள்ளி 46 எல்லாம் கன அங்குலம், புதுசா வர்றவங்க அத சிசின்னு எடுத்துக்கறாங்க. ஒரு கன அங்குலம் 16.4 சிசி.) அப்போ சிசிய மட்டும் குறிக்கற சொல்ல வச்சுக்கிட்டு எஞ்சின தேர்ந்தெடுக்க முடியாதுங்க.

சிசிக்கு ஒரு சொல் வேணும்தான். இடப்பெயர்ச்சி வேண்டாம், ஸ்கூல் இயற்பியல்ல அது ஒரு பொருள் இடம் மாறுறத குறிக்குது, பசங்க குழம்பிடுவாங்க. கொள்ளளவுன்னா நம்மாளுங்களுக்கு கிருஷ்ணகிரி கேஆர்பி அணைதான் ஞாபகம் வரும், அதுகூட பரவால்ல, ஆனா கொள்ளளவுன்னா உருளைக்குள்ள இருக்கற மொத்த இடமும் வந்துடும், இங்க கணக்கு பிஸ்டன் மேல இருந்து கீழ ஓடற அந்த தூரத்துக்கு மட்டும். அந்த ஓட்டத்த (ஸ்ட்ரோக்) வீச்சுன்னு வச்சுக்கிட்டா "வீச்சுக் கொள்ளளவு"ங்கறது என் ஓட்டு.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். ஊத்தங்கரை அண்ணா "பெருசாவே போட்டுட்டா பிரச்சனையே இல்ல, த்ராட்டில கொறச்சு ஓட்டிக்கலாம்"னு எழுதியிருந்தாரு (த்ராட்டில்னா எஞ்சின் வேகத்த கூட்டி கொறைக்கறது). மரியாதையோட மறுக்கறேன்ங்க அண்ணா. காவேரிப்பட்டணம் பக்கம் நாங்க பறக்கவிடற எடத்துல என்சிசி ஏர் விங் பையன் ஒருத்தன் புள்ளி 25 எஞ்சினுக்கு கட்டுன விமானத்துல புள்ளி 46 மாட்டிக்கிட்டு வந்தான். புள்ளி 46 சைலன்சரோட அரைக்கிலோ கிட்ட வருது, புள்ளி 25 அதுல பாதிக்கு கொஞ்சம் மேலதான் இருக்கும். மூக்கு கனத்துப்போய், இறக்கைக்கு கீழ ரெண்டு விரல்ல தூக்கிப் புடிச்சா தலை குப்புற சாயுது. அத சமன் பண்ண வால்ல ஈயக்கட்டி ஒட்டுனான், வால் அவ்ளோ தள்ளி இருக்கறதால கொஞ்சம் ஈயமே போதும், ஆனா எஞ்சினோட கூடுதல் எடையும் ஈயமும் சேந்து மொத்த பாரம் ஏறிடுச்சு, இறக்கை அதே இறக்கைதான். மேல போகும்போது ஜோராத்தான் போச்சு. எறங்கும்போது த்ராட்டில கொறச்சா கொறையறது எஞ்சின் முன்னால இழுக்கற பலம் மட்டும்தானே, எடை அப்படியேதான் இருக்கும், அதனால மெதுவா வந்தா மெதக்க மாட்டேங்குது, வேகமா வந்தா தரையில குத்துது. முன் சக்கரத்து கம்பி மடங்கி, ஃபயர்வால் (எஞ்சின் மாட்டற முன்பலகை) ஒட்டு விட்டு, எஞ்சின் மவுண்ட்டோட கையில வந்துடுச்சு. பையன் முகத்த பாக்க முடியல.

எலக்ட்ரிக்லயும் இதே கதைதான். 2212னு மோட்டார் மேல போட்டிருந்தா உள்ள இருக்கற ஸ்டேட்டர் (சுத்தாம நிக்கற சுருள் பாகம்) 22 மில்லி விட்டம், 12 மில்லி உயரம்னு அர்த்தம். ஆனா சில கம்பெனிங்க வெளிக்கூட்டோட அளவ போட்டுடறாங்க, அப்போ ஒருத்தரோட நம்பர இன்னொருத்தரோட நம்பரோட ஒப்பிடவே முடியாது. கேவின்னா ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்துக்கு எத்தனை சுத்துன்னுதான் சொல்லும், பவர சொல்லாது. அதனால விவரம் தெரிஞ்சவங்க எல்லாரும் கடைசில வந்து நிக்கற எடம் "கிலோவுக்கு எத்தனை வாட்". பேட்டரி, சர்வோ (வால், இறக்கை மடலை அசைக்கற குட்டி மோட்டார்) எல்லாம் சேத்து பறக்கற எடைக்கு, சாதா மோட்டார் க்ளைடர்னா கிலோவுக்கு 110ல இருந்து 150, பழகற விமானம்னா 150ல இருந்து 200, குட்டிக்கரணம் போடணும்னா 220க்கு மேல, மூக்கு மேல பாக்க ப்ராப்ல (முன்னாடி சுத்தற காத்தாடி) தொங்கவிடணும்னா 330 தாண்டணும். ஃபோம் போர்டுல செஞ்ச 900 கிராம் ட்ரெய்னர்ல த்ரீ செல் பேட்டரி, 1000 கேவி 2212, 10 இன்ச் ப்ராப் போட்டு வாட்மீட்டர்ல புடிச்சா 11 வோல்ட் கிட்ட 15 ஆம்ப் காட்டும், 165 வாட், கிலோவுக்கு 180 சொச்சம். அடக்கமா பறக்கும்.

நமக்கு வேண்டிய சொல் இதுக்குத்தான். தர்மபுரி ஐயா சொன்ன "கிலோத்திறன்" வாய்க்கு நல்லாத்தான் வருது, ஆனா கிலோவாட்ல வர்ற கிலோ ஆயிரத்த குறிக்குது, பக்கத்து பக்கத்துல எழுதுனா மோதிக்கும். "பாரத்திறன்"னா எவ்ளோ பாரம் தூக்கும்னு ஆயிடுது. நான் மொதல்ல எழுதியிருந்த "திறன்வீதம்" பத்தி ஒருத்தர் கேட்டது நியாயமான கேள்வி, திறனே வேலை நடக்கற வீதம்தானே, அதுக்கு மேல ஒரு வீதமான்னு. அதனால வீதத்த எடையோட சேத்துடலாம்: "எடைவீதத் திறன்". கிருஷ்ணகிரி மண்டில "பெட்டிக்கு இவ்ளோ வீதம்"னு சொல்றப்போ யாருக்கும் விளக்கம் தேவைப்படறதில்ல பாருங்க, அதே வீதம்தான் இது. பேச்சுல "உன் விமானத்துக்கு வீதம் எவ்ளோப்பா"ன்னு சுருக்கிக்கலாம். விளக்கத்துல ஒன்னு கண்டிப்பா இருக்கணும், வாட்மீட்டர் காட்டறது பேட்டரில இருந்து உள்ள போற திறன், எஞ்சின் டப்பால போட்டிருக்கற குதிரைத்திறன் தண்டுல வெளிய வர்றது, ரெண்டையும் அப்படியே ஒப்பிடக் கூடாது.

இன்னொன்னும் சேக்கணும். ஓசூர் 900 மீட்டர் உயரம் கிட்ட இருக்கு, தர்மபுரி அதுல பாதிதான், அதனால ஓசூர்ல காத்து லேசு, எஞ்சினுக்கு மூச்சு கொறையும். ஆனா தர்மபுரி சித்திரை வெயில் 38 டிகிரில காத்தோட அடர்த்தி, ஓசூர்ல 20 டிகிரி காலை நேரத்து அடர்த்திக்கு கிட்டத்தட்ட சமமா வந்துடுது. ரெண்டு ஊர்க்காரங்களும் வீதத்துல கொஞ்சம் கூட்டியே வச்சுக்கறது நல்லது.

ஐடிஐல சொல்லிக்கொடுக்கற யாராச்சும் இங்க இருந்தா ஒன்னு சொல்லுங்க. ஸ்ட்ரோக்குக்கு வகுப்புல "வீச்சு"ன்னு சொன்னா பசங்க புடிச்சுக்கறாங்களா, இல்ல அலையோட வீச்சுன்னு குழம்பறாங்களா? அது தெரிஞ்சதும் ரெண்டு பதிவையும் அகராதி பக்கத்துல ஏத்திடறேன்.