கைட்டோசன் நானோ துகளில் ஏற்றிய ஆல்புமின் ஒரு மணி நேரத்தில் வெளியேறிவிடுகிறது: காரணம் என்ன?

கேள்வி (ஆய்வு மாணவி)

வணக்கம். இறால் ஓட்டிலிருந்து கிடைக்கும் பல்சர்க்கரையான கைட்டோசனை 0.1 சதவீத அசெட்டிக் அமிலத்தில், மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் வீதம் கரைத்து, அதிலேயே மாட்டு ரத்த ஆல்புமின் என்ற புரதத்தையும் கலந்து, கலக்கிக்கொண்டே, கைட்டோசனைப் பிணைத்துத் துகளாக்கும் சோடியம் டிரைபாலிபாஸ்பேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுகிறேன். நீலச் சாயலுள்ள பால் போன்ற கலங்கல் ஒழுங்காக வருகிறது. சென்ட்ரிபியூஜில் சுழற்றி, மேல்நீரில் எஞ்சிய புரதத்தைப் பிராட்ஃபோர்டு முறையில் (புரதத்தைப் பற்றும் சாயத்தின் நிறமாற்றத்தைக் கொண்டு) அளந்தால், போட்டதில் பெரும்பகுதி துகளில் ஏறிவிட்டதாகவே கணக்கு வருகிறது. ஆனால் பிஎச் 7.4 பாஸ்பேட் உப்புக் கரைசலில் 37 டிகிரியில் வைத்ததும், ஏறியதில் பெரும்பாலானது ஒரு மணி நேரத்துக்குள் வெளிவந்து, பிறகு வெளியேற்ற வரைகோடு மேலே ஏறாமல் படுத்துவிடுகிறது. துகள்களும் வெண்ணிறத் திரளாகி அடியில் தங்குகின்றன. டிரைபாலிபாஸ்பேட்டைக் கூட்டினாலோ, தொடக்கத்திலேயே திரிந்துவிடுகிறது. எதை மாற்ற வேண்டும்?

மறுமொழி 1

ஏற்றும்போது பிஎச் எவ்வளவு என்று நீங்கள் சொல்லவில்லை. என் ஐயம் அங்கேதான். ஆல்புமினின் மின்சுமை ஏறத்தாழ பிஎச் 4.7இல் சமனாகிறது. அசெட்டிக் அமிலக் கரைசல் அதற்குக் கீழே இருந்தால் புரதமும் நேர்மின், கைட்டோசனும் நேர்மின். அப்படியிருக்க ஒன்று மற்றொன்றின் உள்ளே ஏன் போக வேண்டும்? மேற்பரப்பில் தளர்வாக ஒட்டியதைத்தான் நீங்கள் ஏறியதாக எண்ணுகிறீர்கள் போலும். நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடைத் துளித்துளியாக விட்டுக் கைட்டோசன் கரைசலைப் பிஎச் 5.5 அளவுக்குக் கொண்டுவாருங்கள்; 6.5ஐ நெருங்கினால் அமீன் குழுக்கள் மின்சுமையை இழந்து கைட்டோசனே வீழ்படிவாகிவிடும். ஆல்புமினை டிரைபாலிபாஸ்பேட் கரைசலில் கரைத்துச் சொட்டவிடுவது இன்னும் நல்லது. அக்கரைசல் காரத்தன்மை உடையது என்பதால் புரதம் எதிர்மின்னோடு வந்து, துகள் உருவாகும்போதே சிக்கிக்கொள்ளும். டிரைபாலிபாஸ்பேட்டைக் கூட்டுவது இதற்கு மருந்தல்ல.

மறுமொழி 2

மேலே சொன்னதை ஏற்கிறேன்; ஆனால் அளவீட்டையும் சரிபாருங்கள். புரதம் இல்லாத வெற்றுத் துகள்களை அதே முறையில் செய்து, அவற்றின் மேல்நீரைத்தான் பிராட்ஃபோர்டுக்கு ஒப்பீடாக வைக்க வேண்டும், வெறும் தண்ணீரை அல்ல. அந்தச் சாயம் எதிர்மின் கொண்டது. கரைசலில் எஞ்சிய கைட்டோசனையும் அது பற்றக்கூடும். குழாய்ச் சுவரில் ஒட்டிய புரதம்கூடக் கழித்தல் கணக்கில் துகளுக்குள் ஏறியதாகவே விழும். ஆகவே துகள் சேர்க்காத ஒரு குழாயையும் கூடவே சுழற்றுங்கள்.

வெளியேற்றச் சோதனைக்கு முன்பு, துகள் உருவான அதே பிஎச்சில் சிறிது உப்புச் சேர்த்த பஃபரால் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசலால்) ஒருமுறை கழுவி, கழுவுநீரில் உள்ள புரதத்தைத் தனியே அளந்துகொள்ளுங்கள். மேற்பரப்பில் தளர்வாக இருந்தது பெரும்பாலும் அதிலேயே போய்விடும்.

திரள்வதற்குக் காரணம் வேறு. பிஎச் 7.4இல் கைட்டோசனின் நேர்மின் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. உப்போ எஞ்சிய மின்விலக்கத்தையும் மறைக்கிறது. வெற்றுத் துகளும் இதே பஃபரில் திரண்டால், வரைகோடு படுத்ததற்குப் புரதம் தீர்ந்தது மட்டுமே காரணமென்று கொள்ளக் கூடாது. திரளுக்குள் அடைபட்டும் இருக்கலாம்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. கரைசலின் பிஎச் 4.2தான். 5.5க்கு மாற்றி, புரதத்தை டிரைபாலிபாஸ்பேட்டோடு சேர்த்துச் சொட்டினேன். கழுவுநீரில் கணிசமான புரதம் வந்தது. கழுவிய பிறகு முதல் மணி நேர வெளியேற்றம் நன்றாகக் குறைந்திருக்கிறது. வெற்றுத் துகளும் திரள்கிறது. அடுத்து ஆல்புமினுக்குப் பதில் லைசோசைம் என்ற நொதியை ஏற்றச் சொல்கிறார் வழிகாட்டி. இதே முறை போதுமா?

மறுமொழி 1

போதாது. லைசோசைமின் மின்சுமை சமனாகும் பிஎச் 11ஐ ஒட்டியது. நீங்கள் வேலை செய்யும் பிஎச்சில் அது எப்போதும் நேர்மின்தான். மேலும், அசெட்டைல் குழுக்கள் எஞ்சிய கைட்டோசனை அந்த நொதியே வெட்டும். சரக்கே பெட்டியை அரித்தால் வெளியேற்றத்தை எப்படி விளக்குவீர்கள்? பழுப்புப் பாசியிலிருந்து கிடைக்கும் ஆல்ஜினேட் எதிர்மின் உடையது. அதைக் கால்சியத்தால் பிணைத்துப் பாருங்கள். ஆனால் பாஸ்பேட் பஃபர் கால்சியத்தைப் பிடுங்கிக்கொண்டு துகளைக் கரைத்துவிடும் என்பதால், அந்தச் சோதனையை பாஸ்பேட் இல்லாத டிரிஸ் அல்லது ஹெப்பீஸ் பஃபரில் செய்யுங்கள்.