வங்காலைச் சேற்றோரம் ஒரு தை மாதக் காலை

சென்ற தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, வவுனியாவிலிருந்து ஒன்பது பேர் ஒரு வான் வண்டியில் அதிகாலை நான்கு மணிக்குப் புறப்பட்டு, முருங்கன், உயிலங்குளம் வழியாக விடியும் வேளையில் வங்காலைச் சரணாலயத்தை அடைந்தோம். 2010ஆம் ஆண்டில் ராம்சார் ஈரநிலமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட இப்பகுதியின் வசதி என்னவென்றால், மன்னார்த் தீவுக்குச் செல்லும் பெருவீதியே அதனூடாகச் செல்வதால், வானை ஓரமாக நிறுத்திவிட்டு இருந்த இடத்திலிருந்தே பறவைகளைப் பார்க்கலாம். அந்த வசதியை நாங்களே கெடுத்துக்கொண்டோம்.

உமிரிச் செடிகளுக்கு அப்பால், முழங்காலளவுத் தண்ணீரில் பூநாரைகள் நின்றன. இருநூறு வரை எண்ணியபோது எங்களில் ஒருவர், நல்ல படம் வேண்டுமென்று கமெராவுடன் சேற்றில் இறங்கினார். பத்தடி கூடப் போயிருக்கமாட்டார், செருப்பொன்று புதைந்தது. அதை அவர் குனிந்து தேடிக்கொண்டிருக்கையில் பறவைகள் கழுத்தை நிமிர்த்தி, எல்லாம் ஒரே திசையில் விரைந்து நடக்கத் தொடங்கி, பிறகு நீர்மேல் ஓடி எழும்பிவிட்டன. சிவப்பும் கறுப்புமாகச் சிறகுகள் விரிந்த அந்தக் காட்சி அழகானதுதான். ஆனால் இரை தேடிக்கொண்டிருந்த கூட்டத்தைக் கலைத்துப் பெற்ற அழகு என்பதால் எனக்கு அது உறுத்தியது.

வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த முதியவர் ஒருவர் சிரித்தார். "தம்பிமார், வாகனத்துக்கு அதுகள் பயப்பிடாது, மனிசருக்குத்தான் பயம். உள்ளுக்குப் போய்ச் சும்மா இருங்கோ" என்றார்.

அப்படியே செய்தோம். முக்கால் மணி நேரம், பாணும் சம்பலும் தின்றபடி, கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம். இடையில் ஊசிவால் வாத்துகள் வால்மட்டும் வானத்தைப் பார்க்கத் தலைகுப்புற மேய்ந்தன. அவற்றை எண்ணும் முயற்சியை விரைவில் கைவிட்டோம். பின்னர் பூநாரைகள் சிறுசிறு குழுக்களாகத் திரும்பி வந்து, ஒன்று வீதியிலிருந்து முப்பது அடி தூரத்தில் நின்றது. இன்னும் சாம்பல் நிறம் மாறாத இளம் பறவை அது. கால்களை மாறிமாறி மிதித்துச் சேற்றைக் கலக்கிவிட்டு, அலகைத் தலைகீழாக நீருக்குள் வைத்து, நாக்கைப் பம்பி போல இயக்கித் தண்ணீரை இழுத்தும் தள்ளியும் வடிகட்டியது. அலகின் ஓரங்களில் கசிந்த நீரைத் தொலைநோக்கி இல்லாமலே பார்த்தோம். பூநாரை இங்கே கூடு கட்டுவதில்லை என்பதால், இந்த இளம் பறவை கடல் தாண்டி வந்த முதற்பயணமாக இருக்கலாம் என்று நினைத்தபோது வானுக்குள் எவரும் பேசவில்லை.

திரும்பும் வழியில் கட்டுக்கரைக்குளத்தின் அணைக்கட்டருகே வானை மறுபடியும் நிறுத்தினோம். தாமரை இலைகளுக்கிடையே நீளவால் இலைக்கோழிகள் நடந்தன. ஒருவரும் கதவைத் திறக்கவில்லை. ஒற்றைச் செருப்போடு இருந்தவர்கூட யன்னல் கண்ணாடியை ஓசையின்றி இறக்கியே படமெடுத்தார்.