திறந்த வன்பொருள் டேப்லெட்டுக்குக் கூட்டுநிதி: அறிவிப்பதற்கு முன் எவற்றை முடித்திருக்க வேண்டும்?

கேள்வி

ஓய்வு நேரத்தில் மூன்று ஆண்டுகளாக நான் உருவாக்கிவரும் 8 அங்குல டேப்லெட், இப்போது நான்கு முன்மாதிரிகளாக என் மேசையில் இயங்கிக்கொண்டிருக்கிறது. ராஸ்பெரி பை கம்ப்யூட் மாட்யூல் 4 என்ற சிறு கணினிப் பலகை அதன் மையம். அதைத் தாங்கும் பலகையைக் கிகேட் என்ற மின்சுற்று வரையும் மென்பொருளில் நானே வரைந்தேன். பிளாஸ்டிக் உறை முப்பரிமாண அச்சில் எடுத்தது. வரைபடங்கள் அனைத்தையும், யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் இடம்தரும் செர்ன் திறந்த வன்பொருள் உரிமத்தின் கீழ் வெளியிட எண்ணியிருக்கிறேன். 300 பேர் முன்பதிவு செய்தால் போதும் என்ற இலக்குடன், இரண்டு மாதங்களில் கிக்ஸ்டார்ட்டர், கிரவுட் சப்ளை ஆகிய கூட்டுநிதித் தளங்களில் ஒன்றில் நிதி திரட்டத் தொடங்கலாமா? பாகங்களின் விலையைக் கூட்டி, அதன் மேல் கால் பங்கு சேர்த்து விற்பனை விலையை வகுத்திருக்கிறேன்.

பதில் 1

நண்பரே, அந்தக் கால் பங்கு உங்களைக் கடனில் நிறுத்திவிடும். கிக்ஸ்டார்ட்டர் 5 சதவீதம் எடுத்துக்கொள்ளும், பணப்பரிமாற்றக் கட்டணம் தனி. சோதனையில் தேறாத பலகைகள், வழியில் உடைந்து மாற்றித் தரவேண்டியவை, பெட்டி, அஞ்சல், சான்றிதழ்ச் சோதனை என எல்லாம் அந்த 300 பேரின் தலையில்தான் விழும். பாக விலையின் இரண்டரை மடங்குக்குக் கீழே நான் இறங்க மாட்டேன்.

ஆனால் விலையை விடத் திரைதான் எனக்குக் கவலை. முன்பு நான் ஒரு சிறு கையடக்கக் கருவி செய்தபோது, இரண்டாம் தவணையாக வந்த 100 திரைகளில் பின்னொளி எரிந்தது, படம் வரவில்லை. ஒட்டியிருந்த சீட்டில் அதே பாக எண், அதே நாடா வடம், அதே அளவு. மூன்று வாரம் பலகையைக் குறை சொல்லிக்கொண்டிருந்த பிறகுதான், விற்றவர் உள்ளேயிருக்கும் இயக்கிச் சில்லை மாற்றிவிட்டார் என்பதும், புதிய சில்லுக்குத் தொடக்கக் கட்டளைகள் வேறு என்பதும் தெரிந்தன. திரையின் அடையாள எண்ணைப் படித்து, அதற்கேற்ற கட்டளைகளை மென்பொருளே தேர்ந்துகொள்ளும்படி செய்து தப்பித்தேன். ஆகவே முழுத் தவணைக்கும் வேண்டிய திரைகளை, பத்தில் ஒரு பங்கு கூடுதலாக, ஒரே கொள்முதலில் வாங்கிவிடுங்கள். உள்ளே எதை மாற்றினாலும் முன்கூட்டி அறிவிப்பதாக எழுத்தில் பெறுங்கள். வரைபடங்களை மட்டும் பொருள்களை அனுப்பி முடித்த பிறகு வெளியிடுவது நல்லது. நகல் எடுப்பவர்கள் முந்திக்கொள்வார்கள்.

பதில் 2

பேட்டரியைப் பற்றி இன்னும் யாரும் கேட்கவில்லை. நீங்கள் வாங்கும் லித்தியம் மின்கலம், பாதுகாப்பாக எடுத்துச்செல்லத் தக்கதா என்று பார்க்கும் ஐநாவின் 38.3 சோதனைகளில் தேறியதற்கான சுருக்க அறிக்கையை, விற்பவரிடமிருந்து இப்போதே வாங்கி வையுங்கள். அது கேட்டவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பது 2020 சனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள விதி. அதைத் தர மறுக்கும் விற்பனையாளரிடம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். ஆபத்தான சரக்குகளுக்கான ஐநா எண்களில், கருவிக்குள் பொருத்திய பேட்டரி யுஎன்3481 என்ற வகையிலும், தனியாக அனுப்பும் பேட்டரி யுஎன்3480 என்ற வகையிலும் அடங்கும். பின்னதை 2016 ஏப்ரல் முதல் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற முடியாது. சரக்கு விமானத்திலும் 30 சதவீதத்துக்கு மேல் மின்னேற்றம் இருக்கக் கூடாது. எனவே ‘உதிரி பேட்டரியும் உண்டு’ என்று ஆசைகாட்டிவிட்டுப் பிறகு அஞ்சலகத்தில் நிற்காதீர்கள்.

வைஃபை கம்ப்யூட் மாட்யூலிலேயே சான்று பெற்றிருப்பதால் பாதிச் சுமை குறையும், பாதிதான். முழுக் கருவியும் வெளியிடும் மின்காந்த இரைச்சலைத் தனியே அளந்தாக வேண்டும். என் அனுபவத்தில் அங்கே காலை வாருவது பெரும்பாலும் திரைக்குச் செல்லும் நாடா வடமே. ஆய்வகத்தில் அரை நாள் வாடகைக்கு எடுத்து முன்சோதனை செய்துவிட்டால், உறைக்கு வார்ப்பு அச்சு வெட்டுவதற்கு முன்பே பலகையைத் திருத்திக்கொள்ளலாம்.

பதில் 3

முதல் பதிலில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். திறந்த வன்பொருள் என்ற பெயரை நம்பிப் பணம் கட்டுபவர், வரைபடங்களைப் பார்த்துவிட்டே கட்டுகிறார். 2014இல் நொவேனா என்ற திறந்த வன்பொருள் மடிக்கணினி கிரவுட் சப்ளைக்கு வந்தபோது அதன் வரைபடங்கள் ஏற்கெனவே பொதுவில் இருந்தன. 300 கருவிகளுக்காக ஒருவர் நகல் எடுக்க மெனக்கெடுவார் என்றும் எனக்குத் தோன்றவில்லை. செர்ன் உரிமத்தின் 2020ஆம் ஆண்டுப் பதிப்பில் வலுவான பகிர்வுக் கடமை (மாற்றி வெளியிடுபவரும் தம் வரைபடங்களைப் பகிர வேண்டும்), தளர்ந்த கடமை, கடமையற்றது என மூன்று வகைகள் உள்ளன. எது என்று பெயரிட்டு எழுதுங்கள். கம்ப்யூட் மாட்யூல் தன்னளவில் திறந்ததன்று என்பதையும் அறிவிப்பின் முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. விலையைத் திரும்பக் கணக்கிடுகிறேன், உதிரி பேட்டரியை நீக்கிவிட்டேன், வரைபடங்களை இந்த வாரமே வெளியிடுகிறேன். என் கை படாமல் பாகங்களைப் பொருத்தித் தரும் ஓர் ஆலை பத்துப் பிரதிகளைச் செய்து தரும் வரை தேதியை அறிவிக்கப் போவதில்லை. நேற்றிரவு நான்கு திரைகளின் அடையாள எண்களையும் படித்துப் பார்த்தேன். மூன்றில் ஒரே எண், நான்காவதில் வேறு. இயக்கும்போது ஒருமுறை மினுக்கிவிட்டு எழும்பும் அந்தப் பிரதியில் சாலிடர் சரியில்லை என்று நினைத்து, இரண்டு முறை பிரித்துப் பூட்டியிருக்கிறேன்.