குத்தகை நிலத்தை விற்கப் போகிறார்களாம், கையில் எழுத்து எதுவும் இல்லை

வடவாற்றுக்காரன்:
வணக்கம். ஊர் மன்னார்குடி பக்கம். அப்பா 31 வருஷமாக ஒரே குடும்பத்து நிலம் இரண்டரை ஏக்கரைக் குத்தகைக்குச் செய்கிறார், எல்லாம் வாய்ப்பேச்சுதான். நிலக்காரர் பெரியவர் இருந்தவரை தை அறுப்பு முடிந்து நெல் அளந்ததும் ஒரு நோட்டில் மூட்டைக் கணக்கை எழுதி எதிரே கையெழுத்துப் போடுவார். அவர் காலமானபின் சென்னையில் இருக்கும் மகன் நெல் வேண்டாம், பணமாகக் கொடுங்கள் என்றார், அதோடு நோட்டும் நின்றுவிட்டது. நான் திருப்பூரில் வேலை பார்க்கிறேன், ஜிபேயில் நான்தான் அனுப்பி வருகிறேன்.

போன வாரம் அவருடைய ஆள் ஒருவர் 20 ரூபாய் பத்திரத்தோடு வீட்டுக்கு வந்திருக்கிறார். "நிலத்தை நானே மனமுவந்து ஒப்படைக்கிறேன்" என்று தட்டச்சு செய்திருந்ததாம். கையெழுத்துப் போட்டால் 50,000 ரூபாய். அப்பா கண்ணாடி இல்லை, பிறகு பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். எங்களுக்கு ஏதாவது உரிமை இருக்கிறதா, இல்லை கொடுப்பதை வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதானா?

களத்துமேடு:
முதலில் அப்பாவுக்கு போன் போட்டு எந்தத் தாளிலும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

1955-ம் வருஷத்துச் சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் இருக்கிறது. குத்தகை ஒழுங்காகக் கட்டி, சொந்த உடலுழைப்பிலோ குடும்பத்தார் உழைப்பிலோ சாகுபடி செய்கிறவரை நிலக்காரர் நினைத்த நேரத்தில் இறக்கிவிட முடியாது. பாக்கி வைத்தார், நிலத்தைப் பாழாக்கினார், நிலக்காரரின் உரிமையையே மறுத்தார் என்பது மாதிரி குறிப்பிட்ட காரணம் இருக்க வேண்டும், அதையும் உரிய அதிகாரி முன் நிரூபித்து உத்தரவு வாங்க வேண்டும். எழுத்தில் இல்லாத குத்தகையும் குத்தகைதான். நிலம் கைமாறினாலும் வாங்குகிறவர் குத்தகைதாரரோடு சேர்த்துத்தான் வாங்குகிறார், அந்தப் பத்திரம் எதற்கு வந்தது என்று இப்போது புரியும். குத்தகைதாரர் இருக்கும் நிலத்துக்குப் பாதி விலைகூடக் கேட்கமாட்டார்கள்.

1969-ல் குத்தகை உரிமையைப் பதிவு செய்யவே தனியாக ஒரு சட்டம் வந்தது. தாசில்தாரிடம் மனு கொடுத்தால் இரு தரப்பையும் கூப்பிட்டு விசாரித்து முடிவு சொல்வார், ஒத்துவரவில்லை என்றால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு. டெல்டாவில் பழைய ஆட்கள் பலர் அப்போதே பதிந்துவிட்டார்கள், உங்கள் அப்பா மாதிரி பிறகு வந்தவர்கள்தான் அந்தரத்தில் நிற்கிறார்கள். உங்களுடையது தனியார் நிலம் என்பதால் இதெல்லாம் சொல்கிறேன், கோயில் நிலத்துக்கு நடைமுறையே வேறு.

கிழக்குத்தெரு:
நான் நிலக்காரர் தரப்பு, திட்டுவதானால் திட்டுங்கள். எங்களுக்கு இருந்ததே ஒன்றே முக்கால் ஏக்கர். அக்கா கல்யாணத்துக்கு விற்கலாம் என்று போனால் குத்தகைக்காரர் அசையவில்லை, நான்கு போகம் நெல்லும் வரவில்லை, அலுவலகத்துக்கும் வக்கீல் வீட்டுக்கும் நடந்து ஒன்பது வருஷம் போனது, அக்கா கல்யாணம் கடனில்தான் நடந்தது. எழுதிக் கொடுத்தால் நிலம் போச்சு என்ற பயத்தில்தான் எவரும் எழுதுவதில்லை, சிலர் மூன்று வருஷத்துக்கு மேல் ஒரே ஆளிடம் விடுவதும் இல்லை. சட்டம் யாரைக் காப்பாற்ற வந்ததோ அவர்கள் பெயரே தாளில் ஏறாமல் போனதற்கு இந்தப் பயமும் காரணம்.

ஆனால் 31 வருஷம் உழைத்தவருக்கு 50,000 என்பது அநியாயம், அதை நானே சொல்கிறேன். எங்கள் பக்கம் விற்கும் விலையில் ஒரு பங்கைப் பேசி முடிப்பார்கள், அல்லது நிலத்திலேயே ஒரு பகுதியைக் குத்தகைக்காரர் பெயருக்கு எழுதிக் கொடுப்பார்கள். பேசிப் பாருங்கள், ஆனால் கையில் ஆதாரத்தை வைத்துக்கொண்டு பேசுங்கள்.

பழைய_கர்ணம்_பேரன்:
ஆதாரம் என்று வந்ததால் சொல்கிறேன். அடங்கல்தான் முதல் இடம். கிராமக் கணக்கு எண் 2 என்பார்கள், எந்தப் பசலியில் எந்தப் புல எண்ணில் என்ன பயிர் என்று அதில் இருக்கும் (பசலி என்பது ஜூலையில் தொடங்கும் வருவாய்த்துறைக் கணக்கு ஆண்டு, அதோடு 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் வருஷம் வரும், 1434 என்றால் 2024 ஜூலையிலிருந்து). பல ஊர்களில் கிராம நிர்வாக அலுவலர் வயலுக்கே போகாமல் பட்டாதாரர் பெயரையே சாகுபடியாளர் என்று எழுதிவிடுகிறார்கள், வெள்ள நிவாரணம் சென்னைக்காரர் கணக்குக்குப் போவது இப்படித்தான். உங்கள் ஊர் அடங்கலில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பழைய பசலி நகல்களைத் தாலுகா அலுவலகத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். அடங்கல் மட்டும் குத்தகையை நிரூபிக்காது. கொள்முதல் நிலைய ரசீது, கூட்டுறவு வங்கிப் பயிர்க்கடன், பயிர்க் காப்பீட்டு ரசீது, அந்தப் பழைய நோட்டு, உங்கள் ஜிபே விவரம் எல்லாம் சேர்ந்தால் கனம் வரும். ஒவ்வொரு முறை பணம் அனுப்பும்போதும் "குத்தகை" என்று குறிப்பில் எழுதுங்கள், "அட்வான்ஸ்" "உதவி" என்று எழுதித் தொலைக்காதீர்கள்.

இன்னொன்று. அப்பாவுக்குப் பின் வாரிசுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு, ஆனால் அந்த வாரிசோ அவர் குடும்பத்தாரோ வயலில் உழைக்க வேண்டும். நீங்கள் திருப்பூரில் இருக்கிறீர்கள். நாற்று நடுகிறதும் களை பறிக்கிறதும் உங்கள் அம்மா. அவர் உழைப்பையும் மனுவில் எழுதுங்கள், பெரும்பாலும் இதை விட்டுவிடுகிறார்கள்.

வடவாற்றுக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. கிழக்குத்தெரு அண்ணா, உங்கள் பக்கத்தையும் யோசித்தேன். நேற்று அம்மா பரணில் உரச்சாக்குக்குள் தேடி எட்டு கொள்முதல் ரசீது எடுத்திருக்கிறார், மூன்றில் எழுத்தே அழிந்துவிட்டது. நோட்டு கிடைத்தது, 22 வருஷக் கையெழுத்து இருக்கிறது. சிக்கல் அப்பாதான். "பெரியவர் என்னை நம்பி விட்ட நிலம், அவர் பிள்ளை மேலே தாலுகா ஆபீஸில் மனு கொடுக்கிறதா" என்று பிடிவாதமாக இருக்கிறார்.

களத்துமேடு:
மனு யாரையும் சிறைக்கு அனுப்பாது, பெயரைப் பதியத்தான் கேட்கிறது என்று சொல்லிப் பாருங்கள். அதற்குள் அழியாத ஐந்து ரசீதையும் நோட்டின் எல்லாப் பக்கத்தையும் இன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள், அந்த ரசீதுத் தாள் அடுத்த மழைக்குத் தாங்காது. அசலை வெளியாள் யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம்.